பால் சிந்தாத தூண்

“தரையைத் தாங்கற தூண், தரையை விட்டு விலகிடுச்சு மேடம். நாளைக்கு இந்த மாடியைப் பூட்டணும்” என்றார் எஞ்சினியர்.

பல்கலைக்கழக ஊழியர்களின் பிள்ளைகளுக்காக டீச்சர் நடத்தும் காப்பகத்துக்கு அந்த மாடியை விட்டால் வேறு இடமில்லை. வட்டமான ஒரே அறை. நடுவில் இடுப்பு உயரத்தில் மொட்டையாக நிற்கும் கருங்கல் தூண். அது கீழ்த்தளத்தையும் துளைத்துக்கொண்டு மண்ணுக்குள் போகிறது. தூணைச் சுற்றித் தரையில் விரல் நுழையும் இடைவெளி.

“வேற ஏதாவது காரணம் இருந்தா?”

“காட்டுங்க. பூட்டைத் திருப்பி எடுத்துட்டுப் போறேன்.”

அவர் போனபின் டீச்சர் அந்த இடைவெளியைக் குனிந்து பார்த்தாள். விரிசல் இப்படியா காம்பஸ் வைத்து வரைந்தது போல இருக்கும்?

“தூணை என்னம்மா அப்படிப் பாக்கற? உங்கண்ணனைக்கூட நான் இப்படிப் பாத்ததில்ல” என்றபடி பால் டம்ளர்களைத் தூண்மேல் அடுக்கினாள் அண்ணி. காப்பகத்தின் சமையல் அவள் பொறுப்பு.

“பாலை ஏன் அண்ணி எப்பவும் இதுமேலயே வெக்கறீங்க?”

“மேசையில வெச்சா, உன் வானரப்படை குதிக்கற குதியில பாதி தரைக்குத்தான் போகும். இங்க வெச்சா சிந்தாது.”

டீச்சர் நிமிர்ந்தாள். தரை அதிர்கிறது, தூண் அதிரவில்லை. அப்படியானால் இரண்டும் என்றைக்குமே ஒட்டியிருக்கவில்லை! அவள் பார்வை மேலே போனது. சுவரின் உச்சியில் வட்டமாக ஒரு துருப்பிடித்த தண்டவாளம். அதற்கு மேல், பிற்பாடு போட்ட காங்கிரீட் கூரை. தண்ணீர்த் தொட்டி இருந்த இடம் என்பார்கள் அக்கம்பக்கத்தில். தண்ணீர்த் தொட்டிக்குத் தண்டவாளம் எதற்கு?

மறுநாள் எஞ்சினியர் கையில் பூட்டோடு வந்தார். தூண்மேல் ஒரு கிண்ணம் நிறையத் தண்ணீர் வைத்தாள் டீச்சர்.

“எல்லாரும் குதிங்க!”

சொல்லவா வேண்டும்? அறை கிடுகிடுத்தது. கிண்ணத்துத் தண்ணீரும் கிடுகிடுத்தது.

எஞ்சினியர் கதவில் மாட்டுவதற்காகப் பூட்டைத் திறந்தார். டீச்சரின் முகம் செத்துப்போனது. அண்ணியின் முகமோ அதைவிட மோசம்.

“அண்ணி, என்ன பண்ணீங்க?”

“சார் கண்ணுல படக்கூடாதேன்னு… நேத்து தூணைச் சுத்தி இருக்கற சந்து பூரா மரக்கட்டையை அடிச்சு இறுக்கி, மேல பாயைப் போட்டுட்டேன்.”

“ஐயோ, அண்ணி!”

“நல்லதுக்குத்தான்டி பண்ணேன்!”

பாயை உருவி, கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தார்கள். குழந்தைகள் மறுபடி குதித்தார்கள். மேசைமேல் இருந்த கரண்டிகள் கிணுகிணுத்தன. கிண்ணத்துத் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது.

எஞ்சினியருக்கு நம்பிக்கை வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத் தானும் ஒரு குதி குதித்தார். தண்ணீர் அசையவில்லை.

“முன்னாடி இங்க இருந்த கூரை சுத்தியிருக்கு சார்” என்று தண்டவாளத்தைக் காட்டினாள் டீச்சர். “சுத்தற கூரைக்கு அடியில அசையாத தூண். இங்க இருந்து வானத்தைத்தானே பாத்திருப்பாங்க?”

“டெலஸ்கோப்!” எஞ்சினியர் தொப்பென்று தரையில் படுத்து டார்ச்சை இடைவெளிக்குள் அடித்தார். “நட்சத்திரத்தைப் பெரிசாக்கினா, நம்ம நடையோட அதிர்வும் சேர்ந்து பெரிசாயிடும். அதான் தூணைத் தனியா விட்டிருக்காங்க. தரையைத் தாங்கறது சுத்துச்சுவர்தான், அது கல்லு மாதிரி இருக்கு. நான்தான் தப்பாப் பாத்துட்டேன்.”

“அப்ப பூட்டு?”

“அதை யாரு கேட்டா? ஏன் மேடம், அந்த டெலஸ்கோப் எங்க போயிருக்கும்?”

டீச்சர் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தாள். வரிசையாக விளக்குக் கம்பங்கள். “இவ்வளவு வெளிச்சத்துல இங்க என்ன தெரியும்? இருட்டு இருக்கற மலைக்குப் போயிருக்கும்.”

“இனிமே இந்தச் சந்தை யாரும் அடைக்கக் கூடாது” என்றார் அவர், படுத்தபடியே.

“பிள்ளைங்க பென்சில் உள்ள விழுந்தா?” என்றாள் அண்ணி.

“விழட்டும்.”

குதிப்பதை நிறுத்தச் சொல்ல எல்லோருமே மறந்துவிட்டார்கள். அண்ணி மட்டும் கிண்ணத்தை நகர்த்திவிட்டு, பால் டம்ளர்களை அடுக்க ஆரம்பித்தாள்.