தொண்டையில் பட்ட பக்

விதுர்சன் தொழில்முறை ஐஸ் ஹொக்கி ஆட்டக்காரன். அவன் கோல் அடித்துப் பெயர் வாங்கியவனில்லை. ஒரு கோல் முன்னிலையில் ஆட்டம் முடியப்போகிற நேரத்தில், பயிற்சியாளர் லூக் நம்பி இறக்குகிற தடுப்பு வீரன். எதிரணி அடிக்கிற பக், அதாவது கல்லுப்போல இறுகிய கறுத்த ரப்பர் வில்லை, கோலை நோக்கி வந்தால் குறுக்கே விழுவான். காலில் பட்டாலும் விலாவில் பட்டாலும் எழும்பி அடுத்ததுக்கு நிற்பான். செயின்ட்-மிஷேல் பகுதியில் வளர்ந்த தமிழ்ப் பெடியன் இறங்கினால் மொன்றியல் சனத்துக்கு நெஞ்சு ஆறும்.

மாசியில் ஒரு பக் தலைக்கவசத்துக்குக் கீழே தொண்டையில் பட்டது. பனியில் மல்லாந்து கிடந்து வாயைத் திறந்தான். காற்று உள்ளே போகவில்லை. ஆஸ்பத்திரியில் குழாய் வைத்துத்தான் உயிரைப் பிடித்தார்கள்.

ஐப்பசியில் திரும்பி வந்தான். காயம் ஆறிவிட்டது என்றார்கள் டொக்டர்மார். ஆனால் பயிற்சியில் யாராவது மட்டையை ஓங்கினாலே அவனுக்குத் தொண்டை அடைத்தது. வீட்டில் அலுமாரிக் கதவு சாத்துப்பட்டாலும் தோள் துள்ளியது. ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

முதல் ஆட்டத்திலேயே அந்த நேரம் வந்தது: ஒரு கோல் முன்னிலை, கடைசி நிமிடம். எதிரே நின்றவன் மட்டையை ஓங்கினான். விழு, விழு என்று மனம் கத்தியது. உடம்பு கேட்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டது. இடுப்பை உரசிக்கொண்டு போன பக் கோலுக்குள் விழுந்தது. கூடுதல் நேரத்தில் தோற்றார்கள்.

“ஆள் குறுக்கை நிண்டு மறைச்சிட்டான், உனக்குப் பக் தெரிஞ்சிராது,” என்று கோல் காப்பவன் முதுகில் தட்டினான். அந்த ஆறுதல் விதுர்சனை இன்னும் கலக்கியது.

லாசாலில் இருந்த வீட்டுக்குக் கார் ஓட்டிக்கொண்டு போன மனைவி சர்மிளா, பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: “பக் வரேக்கை நீங்கள் முகத்தைத் திருப்பிட்டீங்கள்.”

“ஓம். ஆருக்கும் சொல்லாதேயும். தெரிஞ்சால் என்ரை கதை முடிஞ்சுது.”

“அடுத்தமுறையும் முகத்தைத் திருப்பினால் பக் எங்கை படும்?”

பிடரியில் படும். கவசம் இல்லாத இடம். அவனுக்குத் தெரியாததல்ல.

மறுநாள் லூக்கின் அறைக்குப் போனான். “எனக்குப் பயமாயிருக்கு. கடைசி நேரத்திலை என்னை இறக்காதேங்கோ,” என்று பிரெஞ்சில் சொன்னான்.

லூக் கதவைச் சாத்தினார். “சரி, இப்ப இறக்கேல்லை. பயிற்சிக்கு வெள்ளன வா.”

அவனை நோக்கி அடிப்பதை டென்னிஸ் பந்தில் தொடங்கினார்கள். பேந்து ரப்பர் பந்து. கழுத்துக்குக் கவசம் மாட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பாமல் நிற்கப் பழகினான். சில நாள் பாதியில் விட்டுவிட்டு ஓடினான். அவனுடைய இடத்தில் வேறொருவன் ஆடினான்.

தைப் பனியில் ஒரு நாள், ஆட்டம் முடியப்போகையில், அந்த மற்றவன் கால் சுளுக்கி வெளியே போய்விட்டான். முன்னிலை ஒரே ஒரு கோல். “ஏலுமோ?” என்றார் லூக்.

“தெரியாது,” என்றபடி விதுர்சன் இறங்கினான்.

எதிராளி மட்டையை ஓங்கினான். தொண்டை அடைத்தது. கண்ணை மூடாமல் குறுக்கே விழுந்தான். பக் கால் கவசத்தில் இடித்துத் தெறித்தது. ஆட்டம் முடிந்த சங்கு ஊதியது. மற்றவர்கள் வந்து தூக்கிவிட்டார்கள். கழிவறைக்குள் போய்ச் சத்தி எடுத்தான். பிறகு சர்மிளாவுக்குப் போன் எடுத்தான்.

“பயம் போயிட்டுதோ?” என்றாள்.

“இல்லை,” என்றான். “ஆனால் நான் முகத்தைத் திருப்பேல்லை.”