குட்டித் துடுப்பு

ஆறு ஒருவழியாகத் தெளிந்திருந்தது. பதினைந்து நாள் அடைமழையில் மரம் மட்டையெல்லாம் உருட்டிக்கொண்டு ஓடிய தண்ணீர், ஸ்டீல்ஹெட் மீனுக்கென்றே ஆனதுபோல் நல்ல பச்சைக்கு இறங்கியிருந்தது. படகோட்டி வெண்டெலுக்குத்தான் சந்தோஷப்படத் தெம்பில்லை. ஆகஸ்டில் வந்த பக்கவாதம், இலையுதிர்காலத்து சால்மன் மீன் சீசனையே மொத்தமாக விழுங்கிவிட்டது. காலும் பேச்சும் பழையபடி ஆகிவிட்டன. வலது கையும் சரியாகிவிட்டதென்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"சனிக்கிழமை போர்ட்லண்ட்காரங்க ரெண்டு பேரு மீன் பிடிக்க வராங்க. அதுக்கு முன்னாடி என்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டு. முடிஞ்சா சரி. இல்லேன்னா படகை வித்துடுவோம்," என்று தங்கை ரோவீனா கறாராகச் சொல்லிவிட்டாள். மீன் பிடிக்க ஆள் சேர்ப்பது அவள், படகோட்டுவது அவன். முப்பத்தோரு வருஷமாக இதுதான் பிழைப்பு.

அவளை ஏற்றிக்கொண்டு காலையிலிருந்து படகு வலித்ததில் அவனுக்குத் தோள் கழன்று விழுகிறாற்போல் இருந்தது.

"ஏண்ணே மூஞ்சி இஞ்சி தின்ன மாதிரி இருக்கு?"

"வாய மூடிட்டுத் தூண்டிலப் பாரு."

பத்து மணிக்குத் தூண்டில் வெட்டி இழுத்தது. கால் மணி நேரம் ஆட்டம் காட்டிய மீனை ரோவீனா படகோரம் கொண்டுவர, அவன் வலையில் வாங்கினான்.

பண்ணையில் பொரித்த மீன்குஞ்சுகளுக்கு முதுகில் வாலருகே உள்ள குட்டித் துடுப்பை நறுக்கித்தான் ஆற்றில் விடுவார்கள். நறுக்கியிருந்தால் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். முழுசாக இருந்தால் ஆற்றிலேயே பிறந்தது, தண்ணீரைவிட்டுத் தூக்கவே கூடாது. வெண்டெல் குனிந்து பார்ப்பதே கிடையாது. எங்கேயோ பார்த்துக்கொண்டு வலைக்குள் கைவிட்டு, கட்டைவிரலால் ஒரே தடவு. அந்த ஜம்பத்தைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள்.

"நறுக்கினதுதான். தடியை எடு, அடிச்சிடலாம்."

ரோவீனா அசையவில்லை. "நல்லாத் தடவிப் பாருண்ணே."

"தடவிட்டேன்டி. வழவழன்னு இருக்கு."

"குனிஞ்சு பாரு."

எரிச்சலோடு குனிந்தான். அவன் விரலுக்கடியிலேயே துடுப்பு முழுசாக மடிந்து கிடந்தது. அழுத்தினான். அது வளைவது கண்ணுக்குத் தெரிந்தது, விரலுக்குத் தெரியவில்லை. குளிரில் மரத்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தான். இடதுகை விரலை வைத்துப் பார்த்தான். அதற்குச் சட்டென்று தெரிந்தது.

தூண்டில் முள்ளைக் கழற்றிவிட்டு வலையைத் தாழ்த்தினான். மீன் சற்று நின்று மூச்சு வாங்கிவிட்டு ஆழத்துக்குப் போயிற்று.

"போர்ட்லண்ட்காரங்களுக்கு என்ன சொல்லட்டும்?" அவள் குரல் இறங்கியிருந்தது.

"ஆறு கலங்கிப் போச்சு, வராதீங்கன்னு சொல்லு."

ரோவீனா அந்தப் பச்சைத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி. அதுக்கடுத்த சனிக்கிழமை?"

வெண்டெல் ஈர வலையைச் சுருட்டி வைத்தான்.

"ஆத்து மேல பழி போட வேணாம். என் கை போயிடுச்சுன்னே சொல்லிடு."