தீர்ப்பில் இல்லாத வரி

நவரட்ணம் ஏறக்குறைய முப்பது வருஷங்கள் நீதிபதியாக இருந்தவர். சின்னப் பட்டினங்களில் நீதவானாகத் தொடங்கி, மாவட்ட நீதிபதியாகி, மேல் நீதிமன்றத்துக்கு வந்து, கடைசி எட்டு வருஷங்களைக் கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் கழித்து, 1993இல் ஓய்வுபெற்றார். வழக்காளிகளிடம் ஒரு பலாப்பழம்கூட வாங்காதவர் என்று பெயரெடுத்திருந்தார். அடுத்த வருஷம் மகள் ஸ்பொன்சர் செய்ய, மனைவி யோகமலருடன் ரொறன்ரோ வந்து, ஸ்காபரோவில் பதினாலாம் மாடியில் ஒரு அப்பாட்மென்டில் குடியேறினார்.

ஊரில் இருக்கும்வரை அவருக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. இங்கே வந்த முதல் குளிர்காலத்தில்தான் அவன் வரத் தொடங்கினான்.

கனவில் அல்ல, பகலில். மெலிந்த பொடியன் எவனாவது பஸ்ஸில் ஏறினால் நவரட்ணத்தின் கண் முதலில் அவனுடைய கால்களுக்குப் போகும். நொண்டுகிறானா என்று பார்ப்பார். எல்லோரும் தடித்த சப்பாத்து அணிந்திருக்கும் ஊரில் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒருநாள் அப்படி ஒருவன் இறங்க, தானும் பின்னால் இறங்கி, பனிக்குள் இரண்டு தெரு நடந்துபோனார். அவன் ஒரு கோப்பிக் கடைக்குள் நுழைந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு வேலைக்கு நின்றான். வேறு யாரோ ஒருவன். இன்னொரு நாள் லிஃப்டில் தனியாக ஏறியவருக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுவது கேட்டது. திரும்பிப் பார்க்காமலே பதினாலாம் மாடி வரும்வரை நின்றார். வீட்டுக்குள் வந்தும் ஓவர்கோட்டைக் கழற்றவில்லை. யோகமலர் கேட்டதற்கு, குளிர் என்றார்.

அவனுடைய பெயர் ஜெறோம். தீவுப்பகுதிப் பொடியன். 1984இல், போராளி இயக்கமொன்றுக்கு உதவியதாகக் குற்றம் சாட்டப்பட்டு, நவரட்ணத்தின் முன்னால் எதிரிக் கூண்டில் நின்றபோது வயது இருபத்தொன்று. பொலிசுக்குக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட ஒரு குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தைத் தவிர அவனுக்கு எதிராக வேறு சாட்சியம் இல்லை. அது அவனுக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தது. உள்ளங்கால்களில் அடித்து வாங்கிய கையெழுத்து என்று அவன் சொன்னான். சட்டம் அதை நிரூபிக்கும் பொறுப்பை அவன் தலையிலேயே சுமத்தியிருந்தது. நவரட்ணம் வாக்குமூலத்தை ஏற்று, ஏழு வருஷக் கடூழியச் சிறை விதித்தார். இரண்டாம் வருஷம் அவன் சிறையில் செத்துப்போனான். அந்தச் செய்தி கடிதமாக அவரிடம் வந்தபோது கொழும்புப் பதவிக்கான கடிதமும் வந்திருந்தது. எந்தக் கடிதத்தை முதலில் திறந்தார் என்பது அவருக்கு நினைவில்லை. அது நினைவில்லாததுதான் இப்போது அவரை உறுத்தியது.

ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் அகதி வழக்குகள் செய்யும் ஒரு வெள்ளைக்கார லோயருக்கு அவர் மொழிபெயர்ப்பு வேலை செய்துவந்தார். வருகிறவர்கள் தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கவேண்டும். அங்கே அவரை எல்லோரும் நவம் அங்கிள் என்றார்கள். முன்பு என்னவாக இருந்தார் என்று லோயருக்கு மட்டும் தெரியும்.

1997 ஜனவரியில் யூஜினி வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். கொழும்பில் ஒரு லொட்ஜில் வைத்து இரண்டு முறை பொலிசார் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். தண்டனை பெற்ற ஒருவனின் தங்கை என்பதுதான் காரணம். இங்கே அகதி விசாரணைக்குப் போனபோது, அப்படி ஒரு தமையன் இருந்ததற்கும் தண்டிக்கப்பட்டதற்கும் என்ன ஆதாரம் என்று கேட்டு, வழக்கை ஒத்திவைத்துவிட்டார்கள். ஊரில் வீட்டோடு சேர்ந்து எல்லாக் கடதாசியும் எரிந்துபோயிருந்தது. திரும்பவும் முதலிலிருந்து விபரமாக எழுதவேண்டும் என்று லோயர் அவளை நவரட்ணத்தின் மேசைக்கு அனுப்பியிருந்தார்.

தமையனின் பெயர் ஜெறோம் என்று கேட்டதும் நவரட்ணம் பேனாவை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். பிறகு எழுதினார்.

தீர்ப்பு நாளன்று தனக்குப் பதினைந்து வயது என்றாள் அவள். சின்னப் பிள்ளைகள் வேண்டாம் என்று காவலாளி வெளியே நிறுத்திவிட்டான். தாய் மட்டும் உள்ளே போனார். அவள் யன்னலுக்குக் கீழே நின்றாள்.

“நீதிபதியின்ரை முகம் நான் காணேல்லை அங்கிள். குரல்தான் கேட்டனான். நல்ல அமைதியான குரல். ஏதும் சொல்ல இருக்கோ எண்டு அண்ணாட்டைக் கேட்டவர். அண்ணா காலைக் காட்டட்டோ எண்டு கேட்டவன். அவர் தேவையில்லை எண்டிட்டார்.”

அதை அவர் ஆங்கிலத்தில் எழுதவேண்டியிருந்தது. விதிப்படி அவள் சொன்னதை அவளாகவே நின்று எழுதவேண்டும்: நான் நீதிபதியின் முகத்தைக் காணவில்லை. எழுதி முடித்துத் திரும்ப வாசித்துக் காட்டும்போது தன்னுடைய குரலே அவருக்குப் பயமாக இருந்தது. மிகவும் தாழ்த்தி வாசித்தார். கேட்கவில்லை, கொஞ்சம் பலமாக வாசியுங்கோ என்றாள் யூஜினி. தடிமன், தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லி, மிச்சத்தை நாளைக்கு வைத்துக்கொண்டார்.

வீட்டில் உடுப்பு அலுமாரியின் அடித்தட்டில் அவருடைய தீர்ப்புகளின் பிரதிகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. இரண்டு சூட்கேசில் ஒன்றை அதற்காகவே ஒதுக்கிக் கொண்டுவந்தவர். ஜெறோமின் தீர்ப்பு பதினொரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் அவருடைய கையெழுத்து. நிலத்தில் அமர்ந்து அதை வாசித்துக்கொண்டிருந்தவரை யோகமலர் கண்டார். அன்றுதான் மனைவிக்கு எல்லாவற்றையும் சொன்னார்.

யோகமலர் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர். நிதானமாகக் கேட்டார். பெயரைச் சொல்லாமல் அந்தப் பிரதியை மட்டும் தபாலில் லோயருக்கு அனுப்பினால் போதாதா என்றார். எப்படிக் கிடைத்தது என்று கேட்பார்கள், உறுதிப்படுத்த ஆள் வேண்டும் என்றார் நவரட்ணம். மகளுக்கு இங்கே பெயர் இருக்கிறது, கோயிலில் முன்வரிசையில் இருத்துகிறார்கள், இந்த வயதில் ஏன் என்று யோகமலர் தொடங்கினார். பிறகு தானாகவே நிறுத்திக்கொண்டார்.

“அடிச்சு வாங்கினதெண்டு உங்களுக்கு அண்டைக்கே தெரியுமோ?” என்று கேட்டார்.

“தெரியும்” என்றார் நவரட்ணம்.

யோகமலர் எழுந்து குசினிக்குள் போனார்.

மறுநாள் நவரட்ணம் முதலில் லோயரிடம் சொன்னார். லோயர் கதவைச் சாத்திவிட்டு, இது உங்களுடைய குடியுரிமை விண்ணப்பத்தையே பாதிக்கலாம், வேறொரு லோயரிடம் ஆலோசனை கேட்டுவிட்டு வாய் திறவுங்கள் என்றார். இனி இந்த வழக்கில் மொழிபெயர்க்கவும் முடியாது என்றார். நவரட்ணம் தலையாட்டிவிட்டு, யூஜினி காத்திருந்த அறைக்குப் போனார். பிரதியை மேசையில் வைத்தார். தாழ்த்தாமல், தன்னுடைய இயல்பான குரலில் சொன்னார்.

“பிள்ளை, இது உம்மடை அண்ணாவின்ரை தீர்ப்பு. எழுதினது நான்.”

யூஜினி கடதாசியைப் பார்க்கவில்லை. அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கோட்டை எடுத்து மாட்டினாள். பொத்தான்கள் மாறிப் பூட்டுப்பட்டன. அப்படியே கீழே இறங்கிப் போய்விட்டாள். பிளாசாவின் வாகனத் தரிப்பிடத்தில் அவள் வெகுநேரம் நிற்பதை அவர் யன்னலால் பார்த்தார். கீழே போவதற்கு அவருக்குத் துணிவு வரவில்லை.

நாலு நாட்களுக்குப் பிறகு லோயர் போன் பண்ணினார். நவரட்ணம் சாட்சி சொல்ல அவள் சம்மதித்திருந்தாள், ஒரு நிபந்தனையோடு. சொல்வதை விசாரணையில் சொல்லட்டும், தன்னிடம் எதுவும் சொல்லக்கூடாது.

விசாரணை மார்ச் மாதம், டவுன்ரவுணில் ஒரு கட்டடத்தின் நாலாம் மாடியில் நடந்தது. கூண்டு இல்லை, மேடை இல்லை. ஒரு நீளமேசை, அகதிச் சபை அங்கத்தவர்கள் இரண்டு பேர், ஒரு மொழிபெயர்ப்பாளர். நவரட்ணம் ஆங்கிலத்தில் சாட்சி சொன்னார். தன்னுடைய பதவிகளை ஒவ்வொன்றாகச் சொல்லும்படி கேட்டார்கள். சொன்னார். பிரதியைக் காட்டி, இது உங்கள் கையெழுத்தா என்றார்கள். ஓம் என்றார்.

அங்கத்தவர்களில் ஒருவர் நடுத்தர வயதுப் பெண். தீர்ப்பின் ஒன்பதாம் பக்கத்தை எடுத்து, வாக்குமூலம் சுயவிருப்பத்துடன் வழங்கப்பட்டதென நான் திருப்தியடைகிறேன் என்ற வசனத்தை வாசித்தார். நீங்கள் அதை நம்பினீர்களா என்று கேட்டார்.

நவரட்ணம் அந்த நாளிலிருந்து தொடங்கினார். கூண்டுக்கு ஏறும்போது ஜெறோம் கைகளால் கம்பியைப் பிடித்துத் தன்னை இழுத்துக்கொண்டதைச் சொன்னார். குதிகால் நிலத்தில் படாமல் நின்றதைச் சொன்னார். பாதங்களைப் பார்த்தால் பதிவு செய்யவேண்டி வரும், பதிவு செய்தால் விடுதலை செய்யவேண்டி வரும் என்றார். பதவி உயர்வுக்குத் தன்னுடைய பெயர் போயிருக்கிறது என்று அந்த வாரம் கேள்விப்பட்டிருந்ததையும் சொன்னார்.

“இல்லை, நான் நம்பவில்லை” என்றார்.

மொழிபெயர்ப்பாளர் குனிந்து யூஜினியின் காதுக்குள் அதைத் தமிழில் சொன்னார். அவள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விசாரணை முடிந்து வெளியே வந்தபோது அவள் லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்றாள். லோயர் சற்றுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார். நிபந்தனை நவரட்ணத்துக்கு நினைவிருந்தது. அவள்தான் பேசினாள்.

“அம்மா தொண்ணூற்றி ரெண்டிலை செத்தவ. சாகுமட்டும் அவவுக்கு ஒரு ஐமிச்சம் இருந்தது. ஒருவேளை இவன் செய்திருப்பானோ எண்டு. அந்த நீதிபதி படிச்ச மனிசன், எங்கடை ஆள், குற்றமில்லாத பிள்ளையை உள்ளை போடுவாரோ எண்டு என்னட்டைக் கேப்பா. மாதா கோயில் பூசைக்குப் போய் அண்ணாவுக்காக மன்னிப்புக் கேட்டு அழுவா. செய்யாததுக்கு.”

நவரட்ணம் சுவரில் கையை வைத்துக்கொண்டார். ஊர் மாதா கோயில் சுவாமியாருக்கு ஒரு கடிதம் எழுதித் தருகிறேன், சனத்துக்கு முன்னால் வாசிக்கச் சொல்லலாம் என்றார்.

“ஊரிலை இப்ப ஆர் இருக்கினம், வாசிச்சுக் கேக்க?” என்றாள் யூஜினி. கோபமாகச் சொல்லவில்லை. லிஃப்ட் வந்ததும் ஏறிப் போனாள்.

மே மாதம் அவளை அகதியாக ஏற்றுக்கொண்டார்கள். லோயர் போனில் அறிவித்தார். நவரட்ணத்தின் குடியுரிமை விண்ணப்பம் காரணம் சொல்லப்படாமல் கிடப்பில் கிடந்தது. கோயில் நிர்வாகத்திலிருந்து பரிசளிப்புக்குத் தலைமை தாங்கக் கேட்டார்கள். தான் தகுதியில்லை என்று சொல்லி, ஏன் என்றும் சொன்னார். மறுமுனையில் இருந்தவர், அதெல்லாம் பழைய காலம் ஐயா என்று இழுத்துவிட்டுப் போனை வைத்தார். பிறகு யாரும் கேட்கவில்லை.

பஸ்ஸில் இப்போது அவர் பொடியன்களைப் பார்ப்பதில்லை. தலைக்கு முக்காடிட்டு யன்னலோரமாக இருக்கும் வயதுபோன தாய்மாரைத்தான் பார்க்க முடியாமல் இருந்தது.

ஜூனில் அவர் கடிதத்தை எழுதினார். வாழ்நாள் முழுவதும் தீர்ப்புகளை ஆங்கிலத்தில் எழுதியவருக்குத் தமிழ் இலகுவில் வரவில்லை. மூன்று கிழமை பிடித்தது. ஒன்றரைப் பக்கம். ஜெறோம் குற்றமற்றவன், அது எனக்கு அன்றே தெரியும் என்று தொடங்கி, தன்னுடைய முழுப்பெயருடனும் வகித்த பதவிகளுடனும் முடித்திருந்தார். யாருக்கு என்று மேலே எழுத அவருக்குத் தெரியவில்லை. யோகமலர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார். ஓரிடத்தில் எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்தினார். பிறகு பேனாவை வாங்கி, மேலே ஜெறோமின் தாய்க்கு என்று தானே எழுதி, யூஜினியிடம் கொடுக்கும்படி லோயரின் முகவரியிட்டு உறையை ஒட்டினார்.

யூஜினியிடமிருந்து பதில் வரவில்லை. நவரட்ணம் ஒவ்வொரு நாளும் பதினொரு மணிக்குக் கீழே போய்த் தபால்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார்.