அந்த மூக்கு யார் போட்டது

ஜீப்பில் எனக்குப் பக்கத்தில் பூமாலை உட்கார்ந்திருந்தான். ஏழு வருஷமாக நானும் அவனும் பேசுவதில்லை. கள்ளக்குறிச்சி ஒன்றும் பெரிய பட்டணம் இல்லை. அதில் இரண்டு பெயின்டர்கள் ஏழு வருஷம் முகத்தில் முழிக்காமல் காலம் தள்ளுவதற்கு எவ்வளவு பாடுபட வேண்டும் என்பது செய்து பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

சென்னை மியூசியம் ஒன்றிலிருந்து ராமசாமி என்று ஒருத்தர் வந்திருந்தார். வெளிநாட்டு ஓவியர்கள் இரண்டு பேருடைய படங்களை அச்சடித்து, சட்டம் போட்டு, ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டுவது அவர் வேலை. 1983இல் வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் ஒருநாள் கண்காட்சி. படங்களுக்குக் கீழே வைக்கத் தமிழில் பெயர்ப் பலகை எழுத ஓர் ஆள், வாசலில் கட்டத் துணி பேனர் எழுத ஓர் ஆள் வேண்டும் என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கேட்டிருக்கிறார். டீக்கடைக்காரன் எங்கள் கதை முழுக்கத் தெரிந்தவன். தெரிந்தேதான் எங்கள் இரண்டு பேரையும் அனுப்பினான். அவன் நாசமாய்ப் போக.

மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் பூமாலை என் மேல் சாய்ந்தான்.

"சார், அவரக் கொஞ்சம் தள்ளி குந்தச் சொல்லுங்க" என்று முன் சீட்டு ராமசாமியிடம் சொன்னேன்.

"சார், சாயறது நான் இல்ல, ரோடுன்னு அவருக்குச் சொல்லுங்க" என்றான் பூமாலை.

ராமசாமி இரண்டையும் ஒன்று விடாமல் எடுத்துச் சொன்னார். இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடுவில் தூது எதற்கு என்று அவர் கேட்கவில்லை. சர்க்கார் உத்தியோகஸ்தர்.

சண்டை எதனால் வந்தது என்று சொல்லிவிடுகிறேன். எமர்ஜென்சி நாளில் இதே வெள்ளிமலை ஆஸ்பத்திரிச் சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டுப் படம் எழுத வந்தோம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், சிவப்பு முக்கோணம். கீழே 'நாம் இருவர், நமக்கு இருவர்.' "நாம இருவருன்னா நாமதான்டா" என்று சொல்லி பூமாலை சிரித்தான். அப்போது நாங்கள் 'பூமாலை - சிகாமணி ஆர்ட்ஸ்.' ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுப்போம். எந்த எழுத்து யார் எழுதியது என்று கேட்டால் எங்களுக்கே சொல்லத் தெரியாது.

அம்மாவின் முகம் மட்டுமே ஓர் ஆள் உயரம். இரண்டு ஏணி போட்டு இடது பாதியை நானும் வலது பாதியை அவனும் எழுதினோம். மூக்கு நடுவில் வந்தது. அவன் டீ குடிக்க இறங்கிய நேரத்தில் நான் எட்டிப் போட்டேன். அதற்கு முன்னால்தான் அப்பாவைப் பக்கவாட்டில் எழுதியிருந்தேன். கை அதே பழக்கத்தில் போய்விட்டது. நேராகப் பார்க்கிற முகத்தில் பக்கவாட்டு மூக்கு. ஏணி மேல் நிற்பவனுக்கு அது தெரியாது, இறங்கித் தள்ளி நின்று பார்க்க வேண்டும். நான் இறங்கிப் பார்ப்பதற்குள் அதிகாரி வந்து பார்த்துவிட்டார்.

"எவன்யா இந்த மூக்கப் போட்டவன்?" என்று கத்தினார்.

டீ குடித்துவிட்டு அப்போதுதான் வந்து நின்ற பூமாலையை நான் காட்டினேன். கை தானாகப் போய்விட்டது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானே நம்பவில்லை. பூமாலை வாயைத் திறக்கவில்லை. அண்ணாந்து சுவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தூரிகையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அன்றோடு அவனுக்குச் சர்க்கார் சுவர் நின்றுபோயிற்று. லாரிக்குப் பின்னால் 'ஒலி எழுப்பவும்' எழுதினான். பொங்கலுக்கு மாட்டுக் கொம்புக்கு வர்ணம் அடித்தான். எனக்குச் சுவர்கள் வந்துகொண்டே இருந்தன. ஏன் பிரிந்தீர்கள் என்று கேட்டவர்களிடம் எல்லாம் "அவன் மூக்கு போட்ட லட்சணத்தப் பாத்தா நீங்களும் சேர மாட்டீங்க" என்று சொல்லித் திரிந்தேன். வெட்கங்கெட்ட பிழைப்பு.

வெள்ளிமலையில் படங்களை மாட்டினோம். ஒரு படத்தில் கிடார் ஒன்று சுக்குநூறாகக் கிடந்தது. இன்னொன்றில் பாட்டில் ஒன்று மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் ஒரே சமயத்தில் தெரிந்தது. ஓவியர் இரண்டு பேரில் பிக்காசோ பெயரில் பாதிப் பலகைகளும் பிராக் பெயரில் மீதிப் பலகைகளும் எழுதியிருந்தேன். அவசரத்தில் இரண்டை மாற்றி வைத்துவிட்டேன். மியூசியத்துக்காரர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுச் சரி என்றார்.

பிள்ளைகளும் வேலைக்கு நடுவில் வந்த ஜனங்களும் சேர்ந்ததும் ராமசாமி விளக்கம் சொன்னார்.

"இவங்க ரெண்டு பேரும் தினம் ஒருத்தர் போட்டத ஒருத்தர் பார்ப்பாங்க. ரொம்ப நாள் படத்துக்கு முன்பக்கம் பேர்கூடப் போடல, பின்பக்கம்தான். எது யாருதுன்னு படிச்சவங்களே தடுமாறுவாங்க."

"அப்புறம் இன்னா ஆச்சுங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"உலக யுத்தம் வந்துச்சு. ஒருத்தர் பட்டாளத்துக்குப் போனார். அதோட அந்தக் கூட்டு முடிஞ்சுபோச்சு."

எங்களுக்கு யுத்தமெல்லாம் தேவைப்படவில்லை. ஒரு மூக்கே போதுமாக இருந்தது.

இருசம்மாள் என்று ஒரு அம்மா, சாமைக் கொல்லையில் களை எடுத்த கையோடு வந்திருந்தாள். ஒரு பொம்பளை படத்துக்கு முன்னால் போய் நின்றவள் நகரவே இல்லை.

"இன்னாங்க இது, நம்ம ஆசுபத்திரி செவுத்துப் பொம்பள இங்க வந்துகினு இருக்கா? அதே மூக்கு! நேராவும் பாக்குது, பக்கமாவும் பாக்குது."

"ஆமாங்க, அவதான்!" என்றார்கள் நாலைந்து பேர்.

"சுண்ணாம்பு அடிச்சி மறைக்கிற வரைக்கும் எங்க புள்ளைங்க ஊசி போட அந்தப் பக்கமே வரலீங்க" என்றாள் இருசம்மாள்.

ராமசாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "இந்த ஊர்லயா? இப்படி ஒரு மூக்கா? யார் போட்டது?"

"நான்தான்" என்றேன்.

கலப்படமில்லாத உண்மை. ஏழு வருஷம் தொண்டையில் கிடந்து அறுத்த உண்மை. ஆனால் அது வெளியே வந்த நேரம் இருக்கிறதே, சனியன் பிடித்த நேரம். ராமசாமி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிள்ளைகள் கை தட்டினார்கள். வாசலில் பேனர் கட்டிக்கொண்டிருந்த பூமாலை ஏணியிலிருந்து இறங்கி வெளியே நடந்தான்.

பின்னாலேயே ஓடினேன். ஆஸ்பத்திரிச் சுவருக்கு எதிரில் நின்றிருந்தான். மழையில் சுண்ணாம்பு கரைந்து அந்த முகம் மங்கலாக வெளியே வந்திருந்தது.

"டேய் பூமாலை" என்றேன்.

அவன் அக்கம்பக்கம் பார்த்தான். சொல்லி அனுப்ப ராமசாமி இல்லை.

"திட்டு வாங்கறப்ப மூக்கு என்னுது. கைதட்டு வாங்கறப்ப உன்னுதா? இன்னா பொறப்புடா நீ!"

"நான் அதுக்குச் சொல்லலடா. அன்னிக்கே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். உன் பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டேன்டா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பது வயசு ஆள், ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதேன். மாத்திரை வாங்க வந்தவர்கள் எனக்கு என்ன வியாதியோ என்று ஒதுங்கிப் போனார்கள்.

பூமாலை நான் மூக்கைச் சிந்தி முடிக்கும்வரை காத்து நின்றான்.

"மூக்க வுடு. அந்தச் சோத்தாங்கைப் பக்கத்துக் கண்ணப் பாரு" என்றான்.

பார்த்தேன். இடது கண் ரோட்டைப் பார்த்தது. வலது கண் புருஷனைப் பார்த்தது.

"அது நான் போட்டது. அந்தாளு கத்தனப்ப அண்ணாந்து பாத்தேன், எனக்கு மூக்குக்கு முன்னாடி கண்ணுதான் தெரிஞ்சுது. இதையும் பாத்துட்டான்னா ரெண்டு பேருக்கும் சோறு இல்ல. போனா ஒருத்தனோட போவட்டும்னு வாய மூடிக்கினு நின்னேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது.

"அப்ப ஏழு வருசம் ஏன்டா பேசாம இருந்த?"

"நீ வந்து சொல்லுவன்னு பாத்துக்கினு இருந்தேன்."

கள்ளக்குறிச்சியில் அவன் வீடு என் வீட்டுக்கு மூன்றாவது தெரு. நடந்தால் ஒரு பீடி பிடித்து முடிக்கிற நேரம்கூட ஆகாது.