புகைந்துகொண்டிருந்த தடயம்

தீயணைப்பு வண்டி போய்ச் சேர்வதற்குள் தீ பாதி அடங்கியிருந்தது. பின்னாலேயே ஜீப்பில் வந்திறங்கிய நிலைய அதிகாரிக்கு அதுவே முதல் சந்தேகம்.

மேட்டிலிருந்து புல்லையும் புதரையும் தின்றபடி இறங்கிய தீ, வண்டித்தடத்தைத் தாண்டாமல் நின்றுபோயிருந்தது. தடத்தை ஒட்டி ஓர் ஆள் அகலத்துக்குப் புல் முன்னதாகவே எரிந்து கருகிக் கிடந்தது. அதில் நின்று, பச்சைக் கிளையால் கங்குகளை அடித்துக்கொண்டிருந்தாள் ஆட்டுக்காரி. கையில் தீப்பெட்டி.

"யாரும்மா பத்த வச்சது?"

"மேல எரியறது யாரு வேலையோ தெரியாது. இத நான்தான் வச்சேன். வர்ற நெருப்புக்குத் தின்ன ஒண்ணும் இருக்கக் கூடாதுல்ல."

"ஒத்துக்கிட்டா பாத்தியா?" என்றார் அதிகாரி, ஜீப் டிரைவரிடம்.

"நாமளும் அப்படித்தானே சார் செய்வோம்?"

"நாம செஞ்சா நடவடிக்கை. அவ செஞ்சா குற்றம். உனக்கென்ன இவ்வளவு அக்கறை, சொந்தமா?"

தடய ஆய்வுப் பயிற்சிக்கு இரண்டு வாரம் போய்வந்ததிலிருந்து, கருகிய எதைக் கண்டாலும் அவருக்குக் கை பரபரத்தது. வீரர்கள் இருவரை மேட்டுக்கு அனுப்பிவிட்டு, தீப்பெட்டியைப் பைக்குள் போட்டு சீல் வைத்தார். தடத்தோரம் புகைந்த அடிக்கட்டை ஒன்றைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டினார். டிரைவர் குழாயோடு வந்தான்.

"தள்ளு! தண்ணி பட்டா தடயம் போச்சு."

"உள்ள கங்கு இருக்கு சார். கிளறித் தண்ணி விட்டாத்தான் அடங்கும்."

"ஆய்வு முடியட்டும்."

"என்னை உள்ள தள்ளிட்டா என் ஆடுங்களுக்கு யாருய்யா இருக்கா?" என்றாள் அவள்.

"அத முன்னாடியே யோசிச்சிருக்கணும்."

காற்று திரும்பியது. அதற்கு ஆய்வு முடியும்வரை பொறுமை இல்லை. கட்டையிலிருந்து பறந்த கங்குகள் தடத்தைத் தாண்டின. அந்தப் பக்கம் காய்ந்த புல், ஆடுகள், ஜீப். புல் பிடித்துக்கொண்டது. டிரைவர் குழாயைத் திறந்தான். நான்கு நிமிடத்தில் அது இருமத் தொடங்கியது. வண்டி டாங்கியில் பாதித் தண்ணீர் காலையில் ஜீப்பைக் குளிப்பாட்டவே போயிருந்தது.

ஆட்டுக்காரி ஆடுகளை வறண்ட ஓடைமணலுக்கு விரட்டினாள். "கரையோரமா எதிர்த்தீ வைக்கணும். பெட்டியக் குடுங்க!"

"சீல் வச்சாச்சே!"

"அப்ப நீங்களே வைங்க!"

அதிகாரி பாக்கெட்டிலிருந்து லைட்டரை எடுத்தார். "எங்கம்மா?"

"மணலை ஒட்டி. குனிங்கய்யா. இன்னும் குனிங்க."

குனிந்தார். புல் பற்றியது. இரண்டு தீயும் நடுவில் சந்தித்து, தின்ன எதுவும் இல்லாமல் படுத்தன. குழாய் வற்றியதுமே டிரைவர் ஜீப்பை மணலில் இறக்கியிருந்தான்.

மேட்டுத் தீயை வைத்தது யார் என்று அப்புறம் யாரும் கேட்கவில்லை. அதிகாரி ஜீப்பின் முன்மூடியில் காகிதத்தை விரித்து எழுதியபடியே, பெருந்தன்மையோடு சொன்னார்: "காரணம் தெரியலன்னு எழுதிடறேன். நீ போம்மா."

அவள் போகவில்லை. "ஓடைக்கரையில வச்சது யாருன்னு எழுதுவீங்க?"

பேனா நின்றது.

"எழுதினத வாசிச்சுக் காட்டுங்க."

வாசித்தார். அழகாக இருந்தது.

"தம்பி, நீயும் ஒருக்கா வாசி."

டிரைவர் வாசித்தான். கடைசியில் தொண்டையைச் செருமினான். "கீழ இன்னொரு வரி இருக்கு சார். 'சந்தேகத்துக்குரிய பெண் ஒருவர்'னு…"

"அது… சும்மா பழக்கத்துல வந்தது."

"அந்த வரிய அடிங்க," என்றாள் அவள். "லேசா இல்ல. ஓரெழுத்தும் தெரியாத மாதிரி."

அவர் அடித்து முடித்ததும் காகிதத்தை வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். அப்புறம்தான் ஆடுகளைக் கூப்பிட்டாள்.