சுயவிருப்பத்தின் பேரில்

சன்னாசி மாமாவின் தோட்டத்து லய வீட்டு வாசலில் நான் காரை நிறுத்தியபோது அவர் படியில் உட்கார்ந்து செருப்பு ஒட்டிக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்குப் போகிறவர்போல வெள்ளைச் சட்டை. சூப்பர் குளூ டியூபைப் பிதுக்கி, பிய்ந்த வாரைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி, "ரெண்டு நிமிசம் இரும்மா. ஈபிஎஃப் ஆபீசுல போயி செருப்பு அறுந்தா அசிங்கம்லா," என்றார்.

உள்ளிருந்து அவர் மனைவி லீலாவதி அத்தையின் குரல் வந்தது. "பொண்ணு பாக்கவா போறீங்க? கெளம்புங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பின் இருக்கையில் நீலக் கோப்பு கிடந்தது. அதற்குள் நான் தட்டச்சு செய்த கடிதம். இரண்டு வருடத்துக்கு முந்தைய வெள்ளத்தில் டிராக்டரை வடிகாலில் கவிழ்த்ததற்காக எட்டாயிரத்து நானூறு மலேசிய வெள்ளியைத் தன் ஈபிஎஃப் சேமநிதிப் பணத்திலிருந்து சுயவிருப்பத்தின் பேரில் தோட்டத்துக்குச் செலுத்துவதாகச் சன்னாசி சொல்வதுபோல மலாயில் எழுதியிருந்தேன். அந்த மழையிலும் வடிகாலைத் தாண்டிப் போகச் சொன்னது வேலையை மேற்பார்க்கும் மண்டோர். கடிதத்தில் மண்டோர் இல்லை. சம்பளத்தில் பிடித்தால் தொழிலாளர் அலுவலகம் கேள்வி கேட்கும் என்பதால், மாமாவுக்கு அறுபது வயதாகி சேமநிதியை எடுக்கும் நாள்வரை மேனேஜர் தேவன் காத்திருந்தார். சேமநிதியில் முதலாளி கைவைக்கவே முடியாது. ஆனால் எடுத்த பணத்தைத் தொழிலாளியே கொண்டுவந்து கொடுத்தால் யார் என்ன கேட்பது?

"அதுக்குத்தான் நீ கூடப் போற ரூபினி," என்று காலையில் அலுவலகத்தில் சொன்னார் தேவன் சார். "அவரு பணத்த எடுக்க ரேகை வெச்சதும் கார்லயே கையெழுத்த வாங்கிரு. மூஞ்சிய ஏன் இப்படி வெச்சிருக்க?"

தோட்ட அலுவலகத்தில் கிராணியாக, எழுத்தர் வேலையில் சேர்ந்து எனக்கு ஏழு மாதம். அதற்கு முன் எட்டு மாதம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தேன்.

ரவாங் போகும் சாலையில் செம்பனைக்குலை ஏற்றிய லோரி ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. முந்தவும் முடியவில்லை, பின்னால் போகவும் பொறுக்கவில்லை. ஏர்கோனைக் கூட்டினேன், குறைத்தேன். கடைசியில் லோரியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"மாமா, அந்தக் காச நீங்க குடுக்கத் தேவையில்ல. யாரும் பிடிக்க முடியாது. சட்டம் இருக்கு."

"தெரியும்மா. யூனியன்காரரு சொன்னாரு."

"அப்புறம் ஏன் வர்றீங்க?"

"சட்டம் என் பக்கம். வீடு யாரு பக்கம்?"

அவருடைய மகன் வாங்கிய மலிவு விலை வீட்டின் சாவி தீபாவளிக்குத்தான் கிடைக்கும். இன்னும் மூன்று மாதம். பணம் தர மறுத்தால் இந்த மாதமே லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்று தேவன் சார் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். அதைத் தட்டச்சு செய்யும்படி என்னிடம் அவர் சொல்லவில்லை.

சேமநிதி அலுவலகத்துக்கு எதிரே காரை நிறுத்தினேன். அவர் தனியாகவே உள்ளே போனார். நான் மடியில் நாவலை விரித்தேன். அதில் ஒருவன் பனி கொட்டும் ரயில் நிலையத்தில் யாரையோ எதிர்பார்த்து நிற்கிறான். ஒரே பக்கத்தை மூன்று முறை படித்தேன். ரயில் வரவே இல்லை. இறங்கி காரைச் சுற்றி நடந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். அலுவலகத்தின் கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தேன். கையெழுத்துக்காக வைத்திருந்த பேனாவின் மூடியைக் கடித்துச் சப்பையாக்கியிருந்தேன்.

முக்கால் மணி நேரம் கழித்து வந்து காரில் ஏறினார்.

"மெசினு நம்ம ரேகைய எடுக்கலம்மா. நாலு தடவ தொடைச்சு வெச்சாங்க, ம்ஹூம்."

"வேற வழி இருக்குமே மாமா?"

"இருக்காம். கவுண்டர்ல இருந்த பொண்ணு தங்கமா எடுத்துச் சொல்லிச்சு. நாந்தான், பரவால்ல, அடுத்த மாசம் வர்றேன்னுட்டேன்."

சொல்லிக்கொண்டே வலது கட்டைவிரலின் ஓரத்தை நகத்தால் நெருடினார். ஏதோ பிரிந்து எழுந்தது. வெங்காயத்தோல்போல மெல்லிய, நிறமில்லாத படலம். அவசரமில்லாமல் அதை முழுதாக உரித்தெடுத்தார்.

நான் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

"காலைல செருப்பு ஒட்டுனேன்ல," என்றார். "கையில பட்டுருச்சு."

என் போன் அடித்தது. தேவன் சார். ஸ்பீக்கரில் போடாமல் காதில் வைத்துக்கொண்டேன்.

"என்ன, முடிஞ்சதா?"

"இல்ல சார். ரேகை விழல."

"அதுக்கென்ன, நாளைக்கு மறுபடி கூட்டிட்டுப் போ."

மாமா தலையைத் திருப்பவில்லை. உரித்த படலத்தை டாஷ்போர்டின்மேல் வைத்தார்.

"நாளைக்கு முடியாது சார்," என்றேன். என் குரல் வேறு யாருடையதோபோல இருந்தது. "மூணு மாசம் ஆகுமாம்."

"மூணு மாசமா? யாரு சொன்னா? பேரக் கேட்டியா?"

பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டதா, நான்தான் அணைத்தேனா, தெரியவில்லை. போன் திரும்பவும் அடிக்கத் தொடங்கியது. சாவியைத் திருகினேன். மாமா டாஷ்போர்டின்மேல் வைத்திருந்த அந்தப் படலம் ஏர்கோன் காற்றில் படபடத்து, காற்றுத்துளையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. வெயில் அதன் வழியே விழுந்தபோது கோடுகள் தெரிந்தன. தஞ்சோங் காராங் பக்கத்து நெல்வயல்களின் வரப்புகள்போல நெருக்கமாக, வளைந்து வளைந்து, நடுவில் மட்டும் அழிந்துபோய்.