சும்மாதான இருக்கா

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் ரதீஷின் மனைவி சபிதாவுக்கு என்ன வந்தது என்று ஊருக்குள் ஆளுக்கொரு பேச்சு இருந்தது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. காலையில் கண் விழித்தால் எழுந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். அடுப்பில் பால் பொங்கி வழியும். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு டீச்சர் அவள். ஒருநாள் கரும்பலகை முன்னால் சாக்பீஸோடு நின்றவளுக்கு எதை எழுத வந்தோம் என்பதே மறந்துபோனது. பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கினார்கள். அழக்கூட வரவில்லை. தலைமை ஆசிரியை விடுப்பு எழுதிக் கொடுக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

வீடு இருக்கிறது, அடிக்காத புருஷன் இருக்கிறான், பிந்து என்று தங்கம் போல ஒரு பிள்ளை இருக்கிறது, பின்னே என்ன கேடு என்றார்கள் சொந்தக்காரர்கள். கொழுப்பு என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி கையில் கறுப்புக் கயிறு கட்டிவிட்டுப் போனாள். தைராய்டு பார்த்தார்கள், ரத்தம் பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் ரதீஷ் யாரிடமும் சொல்லாமல் அவளை நாகர்கோவிலில் ரேஷ்மி என்ற மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனான்.

சின்ன வயசில் யார் வளர்த்தார்கள் என்று டாக்டர் கேட்டார். மாமா வீட்டில், நல்லா பாத்துக்கிட்டாவ என்றாள் சபிதா. கேள்வி முடியும் முன்பே அந்தப் பதில் வாயிலிருந்து விழுந்த வேகம் அவளுக்கே விசித்திரமாக இருந்தது.

"நல்லான்னா எப்படி?" என்றார் டாக்டர்.

சபிதா சுவரைப் பார்த்தாள். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறையும் சொல்லவில்லை. அதற்கும் அடுத்த முறைதான் வாய் திறந்தது.

ஏழு வயதில் அம்மா இறந்துபோனாள். சவுதிக்குப் போன அப்பா வேறு குடும்பமாகி, திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாவின் அண்ணன் தாணுமாலயன் அவளை இராஜாக்கமங்கலத்துக்குக் கூட்டிப் போனார். தாயில்லாப் பிள்ளையை எடுத்து வளர்க்கிற மனுஷன் என்று ஊரே அவரைக் கும்பிட்டது. அவருக்குத் தேங்காய் வியாபாரம். வீட்டுக்குப் பின்னால் உரித்த தேங்காய் மட்டை போட்டு வைக்கும் கூரைக்கொட்டகை ஒன்று இருந்தது. மாமிக்குக் கோபம் வந்தால் சபிதாவை அதற்குள் தள்ளி வெளியே தாழ் போடுவாள். தேள் இருக்கும் என்று தெரிந்தேதான். பயத்தில் பாயில் மூத்திரம் போகத் தொடங்கினாள் சபிதா. நனைந்த பாயைச் சுருட்டித் தலையில் வைத்து, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் பார்க்கக் குளத்தங்கரை வரை நடக்கவிட்டாள் மாமி. ஒருமுறை தோசைச் சட்டுவத்தைக் காயவைத்துக் கெண்டைக்காலில் வைத்தாள். மாமா அப்போது வீட்டில்தான் இருந்தார். பிள்ளையின் அலறல் காதில் விழ விழ, கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, சோறு போடு என்றார்.

சோறு போடு என்ற அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லும்போதுதான் சபிதாவுக்கு உடம்பு நடுங்கியது.

எந்தக் காலடிச் சத்தம் எதைக் கொண்டுவரும் என்று பயந்தே வளர்கிற பிள்ளையின் உடம்பு அந்தப் பயத்தை லேசில் விடாது என்றார் டாக்டர். சிலருக்கு அது காத்திருக்கும். வாழ்க்கை ஒரு கரையில் ஒதுங்கிய பிறகு வந்து ஆளைச் சாய்க்கும். இது சோம்பேறித்தனம் இல்லை, நன்றிகெட்டதனமும் இல்லை, உனக்குச் செய்யப்பட்டதன் காயம் என்றார். மாத்திரையும் கொடுத்தார், வாராவாரம் வந்து பேசவும் சொன்னார். அவள் வெளியே வந்து சொல்லக் கேட்ட ரதீஷ் அன்று முழுவதும் சாப்பிடவில்லை.

சபிதாவுக்குக் கோபம் வந்தது அதற்குப் பிறகுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிந்துவுக்குத் தலை தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். பிந்துவுக்கு ஒன்பது வயது. சோப்பு நுரைக்குக் கீழே பிள்ளையின் பிடரி ஒரு பிடிக்குள் அடங்குகிற அளவுதான் இருந்தது. கெண்டைக்கால் குச்சி போல இருந்தது. இவ்வளவு சின்ன உடம்பையா என்று நினைத்தாள். எதிர்த்து அடிக்கத் தெரியாத, ஓடிப்போக இடமில்லாத இவ்வளவு சின்ன உடம்பையா? இத்தனை வருஷமும் தான் ஏதோ தப்பு செய்த பிள்ளை என்றுதான் நினைத்திருந்தாள். தண்ணீரை மொண்ட கை அப்படியே நின்றது. என்னம்மா என்று கேட்டாள் பிந்து. ஒன்றுமில்லை என்று தண்ணீரை ஊற்றினாள்.

கார்த்திகையில் மாமி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து படுக்கையில் கிடந்தாள். ஒருநாள் மத்தியானம் மாமாவும், துபாயிலிருந்து விடுப்பில் வந்திருந்த அவர் மகன் அஜியும் ஆரஞ்சுப் பொதியோடு குலசேகரம் வந்தார்கள். சபிதாவைவிட ஒரு வயது இளையவன் அஜி. அந்த வீட்டில் அவளோடு ஒரே அறையில் வளர்ந்தவன். மாமா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, சபிதாவிடம் அல்ல, ரதீஷிடம் விஷயத்தைச் சொன்னார்.

"அஜிக்கு லீவு முடியப்போவுது. சபிதா இப்ப சும்மாதான இருக்கா. கொஞ்ச மாசம் அங்க வந்து நிக்கட்டு. மாத்திரையெல்லாம் என்னத்துக்கு? கையில ஒரு வேலை இருந்தா மனசு தானா சரியாவும்."

ரதீஷ் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் சபிதா முந்திக்கொண்டாள். "சரி மாமா" என்றாள்.

அவள் சொல்லவில்லை, உள்ளே இருந்த ஏழு வயதுப் பிள்ளை சொன்னது. ரதீஷ் அதிர்ந்துபோய்ப் பார்த்தான். மாமாவின் முகம் மலர்ந்தது. பக்கத்தில் நின்ற பிந்துவை இழுத்து அணைத்து, ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார்.

"கேட்டியா மக்கா, உங்க அம்மைக்கு யாருமில்ல. நாங்கதான் ஒரு குறையும் வைக்காம பொன்னு போல வளத்தோம். அந்த ஓர்மை அவளுக்கு எப்பவும் உண்டு."

பிந்து சுளையை வாயில் போட்டபடி அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

சபிதா எழுந்தாள். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வரும்படி ரதீஷிடம் சொன்னாள். அவன் திரும்பி வரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சேலையைக் கொஞ்சம் உயர்த்திக் கெண்டைக்காலில் இருந்த சூட்டுத் தழும்பைக் காட்டினாள்.

"மாமா, இது எப்படி வந்தது? எம் பிள்ளைக்கு இதையும் சேத்துல்லா நீங்க சொல்லிருக்கணும்?"

மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொட்டகையைச் சொன்னாள், பாயைச் சொன்னாள், சோறு போடு என்றதையும் சொன்னாள். சத்தம் போடவில்லை. சொல்லி முடிக்கும்வரை நிறுத்தவும் இல்லை. பழசையெல்லாம் என்னத்துக்கு இப்போ கிண்டுகிறாய் என்றார் மாமா. அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அடித்துத்தான் பிள்ளை வளர்த்தார்கள், நாங்கள் வளர்க்காவிட்டால் நீ தெருவில் நின்றிருப்பாய் என்றார்.

"எல்லா வீட்டுலயுமா? அஜிய அடிச்சியளா?"

மாமா மகனைப் பார்த்தார், அவன் ஏதாவது சொல்வான் என்று. அஜி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"இல்ல. என்னய ஒருநாளும் தொட்டதில்ல."

மாமா தோளில் கிடந்த துண்டை உதறினார். நன்றிகெட்ட சவத்துக்குச் சோறு போட்டோமே என்று முணுமுணுத்துக்கொண்டே காருக்குப் போனார். சபிதா வாசல் வரை வந்தாள்.

"நான் வரல மாமா. மாமிக்கு ஆளு வச்சுக்கிடுங்க. நான் சும்மா இல்ல. நீங்களும் மாமியும் செஞ்சதுக்குத்தான் மருந்து குடிச்சிட்டு இருக்கேன்."

அடுத்த வாரமே செய்தி சொந்தத்தில் பரவியது. வளர்த்தவளைப் படுக்கையில் கைவிட்டவள் என்றார்கள். ஒரு கல்யாணத்துக்கு ரதீஷுக்கு மட்டும் பத்திரிகை வந்தது, அவன் போகவில்லை. பிள்ளை அலறியபோது ஒருவரும் வேலி தாண்டி வந்து கேட்டதில்லை. இப்போது நியாயம் கேட்க மட்டும் எல்லோருக்கும் வாய் முளைத்திருந்தது. மாமிக்கு மாதச் சம்பளத்துக்கு ஒரு பெண் வந்தாள். அப்படியொரு வழி முதலிலேயே இருக்கத்தான் செய்தது.

சபிதாவுக்கு உடனே குணமாகிவிடவில்லை. எழுந்திருக்க முடியாத காலைகள் இன்னும் வந்தன. ஆனால் அப்படிப் படுத்திருக்கும்போது தன்னையே திட்டிக்கொள்வது குறைந்திருந்தது. இன்னும் கோபமாகத்தான் இருக்கிறது, ராத்திரியெல்லாம் பல்லைக் கடிக்கிறேன் என்று டாக்டரிடம் சொன்னாள். இருக்கட்டும் என்றார் டாக்டர்.

மாசி மாதம் துபாயிலிருந்து அஜி போன் பண்ணினான். தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்ததாகவும், ஒருநாள்கூடப் போய்க் கொட்டகைத் தாழைத் திறந்துவிடவில்லை என்றும் சொன்னான். தூக்கம் வரவில்லை அக்கா என்றான்.

"நீ அப்ப சின்னப் பிள்ளைலே" என்றாள் சபிதா. "தாழு உனக்கு எட்டாது. பெரியவிய ரெண்டு பேரு இருந்தாவல்லா அந்த வீட்டுல?"

அவன் அழுதான். அம்மாவோடு ஒருமுறை போனில் பேசுகிறாயா, உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்றான். என்ன கேட்கிறாள் என்றாள் சபிதா. எப்போது வருவாய் என்று கேட்கிறாளாம்.

வேறு எதுவும் சொல்கிறாளா என்று கேட்டாள். இல்லக்கா, அது மட்டுந்தான் என்றான் அஜி.

"அப்ப வேண்டாம்" என்றாள்.